மதில்மேல் பூனை யாருடையது?

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டம் முடியும் நேரத்தில் ஓர் அமைப்பாளர் எழுந்து, "எங்க பள்ளியில பூனைத் தொல்லை தாங்க முடியல, என்ன பண்றது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். "பூனைக்கு யார் மணி கட்டுறது?" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கவனித்த ஆசிரியர் பயிற்றுநர், "அடுத்த கூட்டத்தில் நீங்களே பத்து நிமிடம் பேசுங்கள் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இன்று பூனையைப் பற்றிப் பேசுகிறேன். பூனையைப் பற்றி மட்டுமல்ல, நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும் பேசுகிறேன்.

எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி. வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி, சமையலறை, பொருள் வைப்பறை எல்லாம் உண்டு. காலை உணவு, மதிய உணவு என்று இரண்டு வேளையும் அடுப்பு எரிகிறது. மதியம் முட்டையும் உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்குப் பூனை வராமல் இருந்தால்தான் வியப்பு. ஒரு சாம்பல் நிறப் பூனை வந்தது. பிள்ளைகள் முட்டையில் பாதியைப் பிட்டு வைத்தார்கள். சில மாதங்களில் வைப்பறைக்குப் பின்னால் நான்கு குட்டிகள்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்குத் தலைவலி. அங்கன்வாடிக் குழந்தைகள் விளையாடும் மணலில் பூனை அசிங்கம் செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் கோழிக்குஞ்சுகள் இரண்டு காணாமல் போனதாக மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். சமையலர் அம்மா மீன் கழுவுகிற நாளில் வீட்டிலும் தொல்லை, இங்கேயும் தொல்லை என்று அலுத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்தவர்கள் கூடிப் பேசினோம். "சாக்குல கட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னார். நான் அறிவியல் ஆசிரியை. பாலூட்டிகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் கேட்டார்கள், "டீச்சர், குட்டியெல்லாம் எங்க?" நான், "ஒரு பெரிய வீட்டுக்கு வளர்க்கக் கொடுத்துட்டோம்" என்று சொன்னேன். பொய். அடுத்த நாள் தாய்ப்பூனை திரும்பி வந்துவிட்டது. குட்டிகள் வரவில்லை. அது வைப்பறைக்குப் பின்னால் கத்திக்கொண்டே சுற்றியது. பிள்ளைகள் அதையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் ஒரு மாணவன் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். கையைக் காட்டச் சொன்னேன். மறைத்தான். இழுத்துப் பார்த்தால் வலது கை கட்டைவிரல் அடியில் இரண்டு சிறு பற்குறிகள், நகக்கீறல்கள், கை முழுக்க வீக்கம். முட்டை கொடுக்கப் போனபோது பூனை கடித்திருக்கிறது. கடித்து இரண்டு நாள் ஆகிவிட்டது. வீட்டிலும் சொல்லவில்லை. "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா இதையும் சாக்குல கட்டிடுவீங்க" என்றான்.

நண்பர்களே, அந்த ஒரு வரிதான் இன்று என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது. ரேபிஸ் எனும் வெறிநோய், அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எல்லோருக்கும் மரணம்தான். உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் அதை முழுமையாகத் தடுக்கலாம். அப்படிப்பட்ட ஒரு காயத்தை ஒரு பிள்ளை இரண்டு நாள் மறைத்திருக்கிறான். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்.

உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் தாமதத்துக்காகக் கடிந்துகொண்டாலும், உடனே தடுப்பூசியைத் தொடங்கினார். பூனையின் பல் ஊசிபோல மெல்லியது. வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாக இறங்கிக் கிருமியைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் கை வீங்கியிருந்தது. அதற்கும் மருந்து கொடுத்தார். பிறகு, "பூனை எங்கே இருக்கிறது? பத்து நாள் அதைக் கவனிக்க முடியுமா?" என்று கேட்டார். பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்தபோது அதனிடம் வெறிநோய் தொற்றும் நிலையில் இல்லை என்று அறியலாம். அதையும் நாங்கள் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தால் கவனிக்க என்ன இருந்திருக்கும்? பூனை நலமாக இருந்தது. பையனும் நலமாக இருக்கிறான். ஆனால் அந்தப் பத்து நாளும் நான் தூங்கவில்லை.

அதன் பிறகுதான் முறையாக யோசித்தோம். பூனையைத் துரத்தினால் ஏன் பயனில்லை?

முதல் காரணம், இடம். உணவும் ஒளிவிடமும் இருக்கும்வரை ஒரு பூனை போனால் இன்னொரு பூனை அந்த இடத்துக்கு வரும். நாம் பூனையை அகற்றுகிறோம், பூனையை அழைத்த காரணத்தை அப்படியே விட்டுவைக்கிறோம்.

இரண்டாவது காரணம், கணக்கு. பூனையின் சினைக்காலம் ஏறக்குறைய 63 முதல் 65 நாள்கள். பெண்குட்டி ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடும். இதை ஏழாம் வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுத்தேன். ஒரு பெண்பூனை ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி போடுகிறது. அதில் பாதிதான் பிழைக்கிறது. பிழைத்தவற்றில் பாதி பெண். அவை அடுத்த ஆண்டு முதல் ஈனுகின்றன. வளர்ந்த பூனை எதுவும் சாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் 5 பூனை. இரண்டாம் ஆண்டு முடிவில் 17. மூன்றாம் ஆண்டு முடிவில் 53. பிள்ளைகள் விடையைச் சரிபார்க்க இரண்டு முறை போட்டுப் பார்த்தார்கள். உண்மையில் நோயிலும் வண்டியிலும் அடிபட்டுப் பல சாகும். அந்தச் சாவைத் தடுப்பதற்கும் வழி ஒன்றுதான்: பிறக்கும் முன்பே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது.

மூன்றாவது, சட்டம். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. நஞ்சு வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. உயிர்களிடம் இரக்கம் காட்டுவது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்லும் அடிப்படைக் கடமைகளில் ஒன்று. அதைச் சமூக அறிவியலில் நாமே நடத்துகிறோம்.

சரி, அந்தப் பூனை யாருடையது? பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தக் கேள்வியை வைத்தோம். "எங்களது இல்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு பிள்ளைகளிடம் கேட்டோம். அவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்து வந்தார்கள். பள்ளியைச் சுற்றி ஐந்து வீடுகளில் அதற்குச் சோறு வைக்கிறார்கள். ஐந்து வீட்டிலும் ஐந்து பெயர். இரவில் படுப்பது எதிர்வீட்டுப் பாட்டியின் திண்ணையில். சோறு வைக்க ஐந்து பேர், பொறுப்பு ஏற்க ஒருவரும் இல்லை. நம் ஊர்ப் பூனைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். அன்று நான் கற்றது: யார் சோறு வைக்கிறாரோ அவருடையதுதான் பூனை. அப்படிப் பார்த்தால் முட்டை கொடுத்த எங்கள் பள்ளிக்கும் அதில் பங்கு உண்டு.

பாட்டியிடம் பேசப் போனோம். கருத்தடை அறுவைச் சிகிச்சை என்றதும், "வாயில்லா ஜீவன் டீச்சர், அதைப் போயி அறுக்கணுமா? பாவம் இல்லையா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. கூட வந்த எட்டாம் வகுப்பு மாணவி, "பாட்டி, போன வருஷம் எத்தனை குட்டி போட்டுச்சு? இப்ப எத்தனை இருக்கு?" என்று கேட்டாள். பாட்டி விரல் விட்டு எண்ணினார். பிறந்தவை ஏழு. இருப்பது ஒன்றும் இல்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா நானும் வருவேன்" என்றார்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்தோம். அறுவைச் சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி சொல்லி, எத்தனை மணி நேரம் முன்பே உணவை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்து மாவட்டத்தார் அங்குள்ள மருத்துவமனையையும் விசாரிக்கலாம். மூடியுள்ள காய்கறிக் கூடையில் துணி விரித்துப் பூனையை வைத்து, பாட்டி மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். கருத்தடை ஆயிற்று. சில நாள் கழித்து வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம்.

இனி, பூனை வளர்ப்போர் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் அப்படியே சொல்லலாம்.

குட்டி ஐந்தாறு மாதம் ஆவதற்குள் கருத்தடை பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். கடுவனுக்கும் செய்ய வேண்டும். செய்தால் அலைவதும், சண்டையிடுவதும், சுவரில் சிறுநீர் தெளிப்பதும் பெரிதும் குறையும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போடுங்கள். இரவில் வீட்டுக்குள் வையுங்கள். பறவை, கோழிக்குஞ்சு வேட்டையும் வண்டியில் அடிபடுவதும் அதனால் குறையும். குறித்த நேரத்தில் வீட்டுக்குள் உணவு வைத்து, தின்றதும் தட்டை எடுத்துவிடுங்கள். திண்ணையில் நாள் முழுக்கக் கிடக்கும் சோறு தெருப் பூனை அத்தனைக்கும் அழைப்பிதழ்.

பூனை ஊன் உண்ணி. பால்சோறு மட்டும் அதற்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். நம் கதைகளில் பூனை பால் குடித்துக்கொண்டே இருப்பதால் இதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், சொல்லுங்கள். உடம்பு சரியில்லை என்றால் நமக்குள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். அது பூனைக்கு நஞ்சு.

வீட்டில் ஒரு மூலையில் பழைய தட்டில் மணல் நிரப்பி வைத்தால் பூனை அதிலேயே மலம் கழிக்கப் பழகும். தினமும் அள்ளிப் புதைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கலாம். அது வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. எனவே அன்றன்றே அகற்றினால் ஆபத்து பெரிதும் குறையும். கருவுற்ற பெண்கள் இந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது.

அடுத்து, பூனை வேண்டாம் என்பவர்களுக்கு. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கோழிக்குஞ்சு இழந்தவரின் கோபம் நியாயமானது. பூனையைத் துன்புறுத்தாமல் முற்றத்தைக் காக்க வழி உண்டு.

முதலில் உணவை மூடுங்கள். எங்கள் பள்ளியில் மீதச் சோற்றுக்கு மூடியுள்ள வாளி வைத்தோம். முட்டையை வகுப்பு வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளே விதி போட்டார்கள். அரிசியும் பருப்பும் மூடிய டின்னுக்குப் போயின. எலியும் குறைந்தது. எலிக்காகப் பூனை வேண்டும் என்ற பேச்சும் குறைந்தது. அடுத்து ஒளிவிடம். வைப்பறை ஓட்டு இடுக்கைக் கம்பிவலையால் அடைத்தோம். அடைக்கும் முன் உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடி மணலுக்குத் தார்ப்பாய் ஒன்று வாங்கி, விளையாட்டு முடிந்ததும் மூடுகிறோம். பாதி அளவு புகார் அதிலேயே நின்றது.

தோட்டப் பாத்தியில் பூனை தோண்டுவது உதிரி மண்ணைத்தான். செடிகளுக்கிடையில் கூழாங்கல், கொட்டாங்கச்சித் துண்டு, காய்ந்த குச்சிகள் பரப்பினாலோ, விதை போட்டதும் கம்பிவலை விரித்தாலோ காலுக்கு இதமில்லாமல் வேறிடம் போகும். மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் உதவும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் போடுவார்கள். வாசனை இருக்கும்வரைதான் பலன், அடிக்கடி மாற்ற வேண்டும். கோழிக்கூண்டுக்கு நெருக்கமான வலையும் இரவில் பூட்டும் அவசியம். பாச்சை உருண்டை, பினாயில், எலி மருந்து ஆகியவற்றைப் பூனையை விரட்டப் பயன்படுத்தவே கூடாது. பூனைக்கு மட்டுமல்ல, தவழும் குழந்தைக்கும் அவை நஞ்சு.

மேலும் ஒன்று. மதிலுக்கு மேல் சண்டை போடுவதற்கு முன் மதிலைச் சுற்றிப் போய் வாசலில் நின்று பேசுங்கள். கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான் போய், "அது எங்க பள்ளிப் பூனையும்தான். வலைக்குப் பாதிச் செலவு நாங்க கொடுக்கிறோம்" என்றேன். "இருக்கட்டும் டீச்சர், நானே போட்டுக்கிறேன். கேட்டீங்களே, அது போதும்" என்றார்.

கடைசியாக, கடியும் கீறலும். இது ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒட்டப்பட வேண்டியது. பூனையோ நாயோ கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவைப்படும், மருத்துவர் முடிவு செய்வார். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. 28ஆம் நாளை வகுப்பாசிரியர் நாள்காட்டியில் குறித்து வைத்துப் பெற்றோருக்கு நினைவூட்ட வேண்டும். நான் குறித்து வைத்தேன்.

1885இல் லூயி பாஸ்டர் முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டது ஒன்பது வயதுச் சிறுவனுக்கு. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இந்தப் பணியில் இருக்கிறது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கை கழுவும் முறையைச் செய்து காட்ட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

தமிழ் ஆசிரியர்களும் இதில் சேரலாம். தொல்காப்பிய மரபியல் வெருகு எனும் காட்டுப்பூனையின் இளமைக்குக் 'குட்டி' என்று பெயர் சொல்கிறது. உயிர்களுக்குப் பெயர் வைத்து ஆராய்ந்த மொழி நம்முடையது.

அந்தக் கடிக்குப் பிறகு வகுப்பில் நின்று உண்மையைச் சொன்னேன். "குட்டிகளை வளர்க்கக் கொடுக்கல. ஏரிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டோம். நான் சரின்னு சொன்னேன். அது தப்பு" என்றேன். ஒரு வாக்கும் கொடுத்தேன். கடித்தாலும் கீறினாலும் வந்து சொல்பவரைத் திட்ட மாட்டோம், பூனையையும் ஒன்றும் செய்ய மாட்டோம். அதற்குப் பிறகு மூன்று பேர் கீறலோடு உடனே வந்து சொன்னார்கள். மூவரும் அன்றே மருத்துவமனைக்குப் போனார்கள். எனக்கு இதைவிடப் பெரிய தேர்ச்சி விழுக்காடு இல்லை.

சாம்பல் பூனை இன்னும் இருக்கிறது. பாட்டி வீட்டில் இரவு படுக்கிறது. கழுத்தில் இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பட்டையில் ஒரு சிறு மணி. பறவைகள் எச்சரிக்கையாகப் பறந்துவிட அது உதவும். கட்டியவன் அந்தக் கடிபட்ட மாணவன். ஆகவே, பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இனி இந்தக் கூட்டத்தில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது.